கண்டும் காணாத கண்: ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’ என்றால் என்ன?

ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கப் பழகுகிறவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் தொடர் ஒன்று உண்டு: ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’. மணல் லாரிகளைப் பற்றிய செய்தியில் வரும். விதியை மீறிக் கட்டிய அடுக்குமாடியைப் பற்றிய செய்தியில் வரும். பெரிய நாடு ஒன்று தன் நட்பு நாட்டின் அட்டூழியத்தைப் பற்றி வாயே திறக்காதபோது தலையங்கத்தில் வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குருட்டுக் கண்ணைத் திருப்பு’ என்று கிடைக்கும். யாருடைய கண், எந்தப் பக்கம் திருப்புவது, ஒன்றும் விளங்காது.

பள்ளியில் படித்தபோது இதற்குக் ‘கண்மூடித்தனமாக நடப்பது’ என்று பொருள் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்ததே தவிர, ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து ஒரு கடற்படைத் தளபதியின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது. கண்மூடித்தனம் என்பது யோசிக்காமல் செய்வது. இந்தத் தொடர் சொல்வதோ நன்றாக யோசித்துவிட்டுச் செய்வது. இரண்டிலும் கண் வருகிறது, அவ்வளவுதான் உறவு.

இதற்கு நேரான வழக்கு தமிழில் இருக்கிறது: கண்டும் காணாமல் இருப்பது. ‘அதையெல்லாம் கண்டுக்காம விட்டுட்டாங்க’ என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான். ஒரு தப்பு நடக்கிறது. அது நமக்குத் தெரிகிறது. தட்டிக்கேட்க வேண்டிய இடத்திலும் இருக்கிறோம். ஆனாலும் கண்ணில் படாததுபோல இருந்துவிடுகிறோம்.

ஒரு டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பையன்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். கண்டக்டர் ஒரு பார்வை பார்க்கிறார். விசில் அடிக்கவில்லை, உள்ளே வரச்சொல்லி அதட்டவில்லை, அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விடுகிறார். இங்கே கண்டக்டர் செய்தது ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’. முன் சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற பெரியவரும் அந்தப் பையன்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அவரைப் பற்றி இந்தத் தொடரைச் சொல்ல முடியாது. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் விட்டதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன.

இது எப்போதும் கெட்ட காரியமாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. விரதநாளில் படையலுக்கு வைத்த சுழியத்தில் ஒன்று குறைகிறது. பேரன் வாயோரம் பூரணம் ஒட்டியிருக்கிறது. பாட்டி தட்டை இன்னொரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கோலம் போடப் போகிறாள். அதுவும் இதே தொடரில் அடங்கும். பாசம், பயம், லஞ்சம், சோம்பல், எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். தொடர் காரணத்தைச் சொல்வதில்லை. பார்த்தது உண்மை, பார்க்காததுபோல் நடந்தது உண்மை, அதோடு அது நின்றுகொள்கிறது.

வாக்கியத்தில் வைக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். எதைக் கண்டுகொள்ளவில்லையோ அதற்கு முன்னால் ‘டு’ வரவேண்டும். “தி கண்டக்டர் டர்ன்ட் எ ப்ளைண்ட் ஐ டு தி பாய்ஸ் ஆன் தி ஃபுட்போர்ட்.” நடுவில் இருக்கும் ‘எ’யை விழுங்கிவிடாதீர்கள், நம்மில் நிறையப் பேர் ‘டர்ன் ப்ளைண்ட் ஐ’ என்றே எழுதுகிறோம். பத்து அதிகாரிகள் சேர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டாலும் கண் ஒருமைதான், ‘ஐஸ்’ ஆகாது. எதற்கு ஒரே கண் என்ற கேள்விக்குத்தான் கதை இருக்கிறது.

கோபன்ஹேகன், 1801

அந்தக் கண் ஹொரேஷியோ நெல்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியுடையது. 1758-ல் பிறந்தவர், பன்னிரண்டு வயதிலேயே கப்பலேறியவர். பதினைந்து வயதில் ‘சீஹார்ஸ்’ என்ற கப்பலில் 1774-ல் நம் சென்னைக்கே வந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியக் கடலில் சுற்றிக் கடைசியில் மலேரியாவில் படுத்து, 1776-ல் எலும்பும் தோலுமாக ஊருக்கு அனுப்பப்பட்டார்.

கண் போனது அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து. 1794 ஜூலையில் கோர்சிகா தீவில் கால்வி என்ற ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, எதிரியின் குண்டு ஒன்று பக்கத்தில் விழுந்து மணலையும் கல்லையும் வாரி முகத்தில் இறைத்தது. வலது கண்ணில் பார்வை போயிற்று. வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். மூன்று வருடம் கழித்து 1797-ல் டெனரிஃப் தீவைத் தாக்கப் போனபோது வலது கையும் போனது. இந்த இரண்டு ஊனத்தோடும்தான் அவர் கோபன்ஹேகனுக்கு முன்னால் போய் நின்றார்.

ஏன் கோபன்ஹேகன்? பிரிட்டன் அப்போது பிரான்சோடு போரில் இருந்தது. பிரான்சுக்குச் சரக்குப் போகிறதா என்று பார்க்க, போரில் சேராத நாடுகளின் கப்பல்களையும் நடுக்கடலில் மறித்துச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது. எரிச்சலடைந்த ரஷ்யா, டென்மார்க், சுவீடன், பிரஷ்யா நான்கும் 1800 கடைசியில் கூட்டணி சேர்ந்தன. பிரிட்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. பாய்மரத்துக்கு மரம், கயிற்றுக்குச் சணல், பலகை இடுக்கில் பூசத் தார், எல்லாம் அந்த பால்டிக் கடல் பக்கமிருந்துதான் வரவேண்டும். ஆகவே ஒரு பெரும் கப்பற்படையை அனுப்பினார்கள். தலைமை, சர் ஹைட் பார்க்கர் என்ற அட்மிரல். வயது அறுபதைத் தாண்டியவர், எதற்கும் இரண்டு முறை யோசிப்பவர், சமீபத்தில்தான் பதினெட்டு வயதுப் பெண்ணை மணந்துகொண்டு வந்திருந்தவர். இரண்டாம் இடத்தில் நாற்பத்திரண்டு வயது நெல்சன். இந்த ஜோடிக்கு ஒத்துப்போகாது என்பதை ஜோசியர் சொல்ல வேண்டியதில்லை.

டென்மார்க்காரர்கள் தங்கள் கப்பல்களை நகரத்தின் முன்னால் வரிசையாக நங்கூரமிட்டு, மிதக்கும் பீரங்கி மேடைகளையும் சேர்த்து மதில்போல நிறுத்தியிருந்தார்கள். வடக்கு முனையில் ட்ரெக்ரோனர் கோட்டை. இடையில் ஆழம் குறைவு, மணல் திட்டு. அதனால் நெல்சன் தன் பெரிய கப்பலை விட்டுவிட்டு, குறைந்த ஆழத்தில் ஓடக்கூடிய ‘எலிஃபெண்ட்’ என்ற 74 பீரங்கிக் கப்பலுக்கு மாறிக்கொண்டு, பன்னிரண்டு பெரிய போர்க்கப்பல்களோடு உள்ளே நுழைவது என்று ஏற்பாடு. பார்க்கர் மீதியோடு வடக்கே சில மைல் தள்ளி நிற்பார்.

1801 ஏப்ரல் 2, காலை பத்து மணி. தொடக்கமே சறுக்கல். மூன்று கப்பல்கள் தரைதட்டிவிட்டன. மற்றவை போய் நின்று சுடத் தொடங்கின. டென்மார்க்காரர்கள் எதிர்பார்த்ததைவிட மூர்க்கமாகத் திருப்பிச் சுட்டார்கள். மூன்று மணி நேரமாகியும் ஓயவில்லை. தூரத்தில் இருந்த பார்க்கருக்குக் காற்று எதிராக இருந்ததால் உதவிக்கும் வரமுடியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் புகை, தரைதட்டிய கப்பல்கள் ஏற்றிய ஆபத்துக் கொடிகள், நிற்காத பீரங்கிச் சத்தம். பிற்பகல் ஒன்று, ஒன்றரை மணிவாக்கில் அவர் ஒரு கொடியை ஏற்றச்சொன்னார். எண் 39. சைகைப் புத்தகத்தின்படி அதன் பொருள்: சண்டையை நிறுத்து.

அந்த மேல்தளத்தில் நடந்தது

அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கப்பல் பேசிக்கொண்டது கொடியில்தான். தலைமைத் தளபதி கொடி ஏற்றுவார். பார்த்த கப்பல் ‘பார்த்தோம்’ என்று பதில் கொடி காட்டும். அடுத்த நிலைத் தளபதி அதே உத்தரவைத் தன் பாய்மரத்திலும் ஏற்றிக்காட்டுவார். அப்போதுதான் அவருக்குக் கீழே உள்ள மற்றவர்களுக்கும் அது முறையாகப் போய்ச்சேரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்தது புரியும்.

எலிஃபெண்ட்டின் மேல்தளத்தில் நெல்சனோடு இருந்தவர்களில் ஒருவர் கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட். தரைப்படை அதிகாரி. நமக்குக் கிடைக்கிற கதை பெரும்பாலும் அவர் சொன்னது. சைகை பார்க்கும் லெப்டினன்ட் வந்து, தலைமைக் கப்பலில் 39 ஏறியிருக்கிறது என்று கத்திச் சொன்னார். நெல்சன் காதில் வாங்காததுபோல உலாவிக்கொண்டே இருந்தார். லெப்டினன்ட் மறுபடி எதிர்ப்பட்டபோது, “நாமும் அதைத் திருப்பி ஏற்றட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம், பார்த்தோம் என்று மட்டும் பதில் காட்டு” என்றார் நெல்சன். பிறகு, தன்னுடைய 16 இன்னும் பறக்கிறதா என்று கேட்டார். 16 என்றால் எதிரியை இன்னும் நெருங்கிச் சண்டையிடு. பறக்கிறது என்றார் லெப்டினன்ட். “அது அப்படியே இருக்கட்டும்.”

பின்னும் உலாவினார். துண்டிக்கப்பட்ட வலது கையின் மிச்சத்தை ஆட்டிக்கொண்டே நடப்பது அவர் உள்ளுக்குள் கொதிக்கிறார் என்பதற்கு அடையாளம் என்று ஸ்டூவர்ட் எழுதியிருக்கிறார். இரண்டு சுற்று வந்ததும் ஸ்டூவர்ட்டிடமே கேட்டார்: தலைமைக் கப்பலில் என்ன காட்டுகிறார்கள் தெரியுமா? 39. அப்படியென்றால் என்ன என்றார் ஸ்டூவர்ட். சண்டையை விடச் சொல்கிறார்கள் என்றார் நெல்சன். “விடுவதாவது! நான் விட்டால் நாசமாய்ப் போகிறேன்.” பிறகு கப்பலின் கேப்டன் தாமஸ் ஃபோலி பக்கம் திரும்பி, “ஃபோலி, எனக்கு இருப்பது ஒரு கண்தான். எப்போதாவது குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு” என்றார். தொலைநோக்கியை எடுத்துப் பார்வையில்லாத கண்ணில் வைத்தார். “உண்மையாகவே அந்தக் கொடி எனக்குத் தெரியவில்லை.”

எல்லோரும் சொல்வது இந்தக் கடைசி வரியைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வந்த பதில் கொடி. ‘பார்த்தோம்’ என்று தன் கப்பலில் காட்டச் சொன்னவரே அவர். 39 என்றால் என்ன என்று கர்னலுக்குப் பாடம் எடுத்தவரும் அவர். ஊருக்கெல்லாம் தெரிய ரசீது கொடுத்துவிட்டு, அதன்பிறகு தொலைநோக்கியை எடுத்துத் தெரியவில்லை என்கிறார். யாரையும் ஏமாற்றுகிற நோக்கம் அதில் இல்லை. பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் எந்தக் கண் தெரியாது என்று தெரியும். பள்ளியில் நான் எழுதிய விடை ஏன் தப்பு என்பது இந்த இடத்தில்தான் உறைத்தது. இந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டவர்.

அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரியர் அட்மிரல் தாமஸ் கிரேவ்ஸ் இன்னும் சாமர்த்தியசாலி. தலைமைத் தளபதியின் உத்தரவை மீறியதாகவும் ஆகக்கூடாது, நெல்சனை விட்டு ஓடியதாகவும் ஆகக்கூடாது. 39-ஐத் தன் கப்பலில் ஏற்றினார். ஆனால் நெல்சன் கப்பலிலிருந்து சுலபமாகக் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஏற்றினார். நெல்சனின் 16-ஐயும் இறக்கவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது.

கொடியை அப்படியே நம்பியவர் ஒருவரும் இருந்தார். கேப்டன் எட்வர்ட் ரியூ. கோட்டைக்கு எதிரே சிறு போர்க்கப்பல்களை வைத்துக்கொண்டு, வசதியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு சண்டையிட்டவர். அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கரின் கொடி தெரிந்தது. உத்தரவு உத்தரவுதானே. “நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ” என்று நொந்துகொண்டே கப்பலைத் திருப்பினார். சுடுவது நின்றதும் மூடியிருந்த புகை விலகியது; திரும்பிய கப்பலின் பின்புறம் கோட்டைக்கு நேராக விரிந்தது. தலையில் ஏற்கெனவே காயம்பட்டு உட்கார்ந்திருந்த ரியூவின் மேல் ஒரு குண்டு வந்து விழுந்தது. அங்கேயே முடிந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால், 1789 கடைசியில், தெற்குக் கடலில் பனிப்பாறையில் மோதிய கப்பலை உடைசலும் ஓட்டையுமாக நன்னம்பிக்கை முனைவரை கொண்டுவந்து சேர்த்த மனிதர் இவர். அவர் பெயரில் எந்த ஆங்கிலத் தொடரும் கிடையாது.

நெல்சன் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் டென்மார்க் வரிசை தளர்ந்தது. அப்போது அவர் டென்மார்க் இளவரசருக்குச் சண்டை நிறுத்தக் கடிதம் ஒன்று எழுதினார். மூடி ஒட்ட யாரோ சாதாரணப் பசை வில்லையைக் கொடுத்தார்கள். வேண்டாம், அரக்கு உருக்கி முத்திரை போடவேண்டும் என்றார்; அவசரமாக ஒட்டியனுப்பினால் நாம் பதறிப்போயிருக்கிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அரக்குக்கு மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்ன மனிதருக்கு ஒரு கொடி கண்ணில் படவில்லையாம்.

சண்டை நின்றது. பிரிட்டிஷ் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் தொள்ளாயிரத்துக்கு மேல். டென்மார்க் பக்கம் அதைவிட மிக அதிகம். இதில் ஒரு வயிற்றெரிச்சல்: கூட்டணிக்கு உயிராக இருந்த ரஷ்யப் பேரரசர் முதலாம் பால், மார்ச் 23 இரவிலேயே தன் அரண்மனையில் கொல்லப்பட்டிருந்தார். செய்தி கோபன்ஹேகனுக்கு இன்னும் வந்துசேரவில்லை. மே மாதம் பார்க்கரைத் திருப்பியழைத்துவிட்டு நெல்சனைத் தலைமைத் தளபதியாக்கினார்கள். உத்தரவை மீறியவருக்கு விசாரணை இல்லை, பட்டம் கிடைத்தது.

கதையில் எவ்வளவு உண்மை?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். தொலைநோக்கிக் காட்சி புத்தகங்கள் வழியாக ஊருக்குப் பரவியது போர் நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. 1809-ல் வந்த ஒரு பெரிய வாழ்க்கை வரலாறும், 1813-ல் கவிஞர் ராபர்ட் சவுதி எழுதிய சிறிய வரலாறும்தான் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நெல்சன் 1805-ல் டிரஃபால்கர் போரில் இறந்துவிட்டார். இறந்த வீரனைப் பற்றிய கதைக்குச் சாயம் ஏறுவது எந்த ஊரிலும் நடப்பதுதானே.

பார்க்கரின் உத்தரவே கட்டாயமானதல்ல என்றும் சொல்வார்கள். “நெல்சனால் தொடர முடியுமென்றால் கொடியை விட்டுவிடுவார், முடியாத நிலை என்றால் பின்வாங்க இது ஒரு சாக்காக இருக்கட்டும், பழி என்மேல் வரட்டும்” என்று நினைத்துத்தான் பார்க்கர் ஏற்றினார் என்பது அந்தத் தரப்பு. அது உண்மையானால் கிழவர் நாம் நினைத்ததைவிடப் பெரிய மனிதர். ஆனால் ரியூவுக்கு அந்த இரண்டாவது பொருளை யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்கு இந்த விளக்கத்தில் முழுத் திருப்தி இல்லை.

நெல்சனுக்குக் கறுப்புக் கண்பட்டை மாட்டிவிடுவது சினிமாவும் நாடகமும் செய்த வேலை. அவர் கண்பட்டை கட்டியதே கிடையாது. அடிபட்ட கண் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய மற்றதுபோலவே இருந்தது. பின்னாளில் தொப்பி விளிம்போடு ஒரு பச்சை மறைப்பு வைத்துக்கொண்டார், அதுவும் வெயில் கூச்சத்திலிருந்து நல்ல கண்ணைக் காப்பாற்ற. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் தூண் உச்சியில் நிற்கும் சிலையில் ஒரு கை இருக்காது. முகத்தில் பட்டை எதுவும் இருக்காது.

‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’ என்று நெல்சன் சொன்னதாகவும் எங்கும் இல்லை. அவர் வாயில் வந்தது குருடாக இருக்கும் உரிமை. ‘செவிட்டுக் காதைத் திருப்புதல்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் அவருக்கு நூற்றாண்டுகள் முன்பே புழங்கியது. அந்த அச்சில் வார்த்த கண்ணுக்கு இவருடைய கதை வந்து முகம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், அன்று அடிவாங்கிய டென்மார்க்காரர்களின் மொழியிலும் இது இருக்கிறது. அவர்கள் இன்னும் துல்லியமாக, ‘தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்தல்’ என்றே சொல்கிறார்கள். தங்கள் நகரத்தைச் சுட்டவனின் குறும்பைத் தங்கள் பேச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். கோபன்ஹேகன் நகராட்சியில் ஒரு பில் கூடுதலாகப் போய்விட்டது என்றால், அதைக் கண்டுகொள்ளாத அதிகாரியும் நெல்சன்போலத் தொலைநோக்கி பிடித்தவர்தான்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘செவிட்டுக் காது’ என்றேனே, அதை நம்முடைய ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பெயர்த்துவிடத் தோன்றும். பொருந்தாது. நம் பழமொழியில் அவன் நிஜமாகவே செவிடன். வீணானது ஊதியவனின் மூச்சு. ஆங்கிலக் காது நன்றாகக் கேட்கும் காது. கெஞ்சலை, கோரிக்கையைக் கேட்டும் கேளாமல் இருப்பதற்கு அது. கண்ணுக்குத் தெரிகிற தப்பு என்றால் கண். வாய்விட்டுக் கேட்கிற கோரிக்கை என்றால் காது. இந்த அளவு பிரித்துவைத்துக்கொண்டால் போதும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பதும் கிட்டத்தட்ட வந்து விலகிப்போகும். பூனை தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. கண்டும் காணாதவருக்கு உலகம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது. ‘பாராமுகம்’ இன்னும் தூரம். அதில் பாசம் விட்டுப்போன வருத்தம் இருக்கும், வயதான தாயைப் பாராமுகமாக விட்டுவிட்டான் என்பதுபோல.

ஆங்கிலத்தில் இதன் பங்காளி ஒருவன் இருக்கிறான்: ‘கனைவ்’. இன்று சதி செய்வது என்ற பொருளில்தான் அதைப் பெரும்பாலும் படிக்கிறோம். லத்தீன் மூலத்தில் அதற்குக் கண்ணை மூடிக்கொள்வது என்றுதான் பொருள். கண்ணை மூடிக்கொண்டவன் என்ற சொல் நாளடைவில் கூட்டுக் களவாணி என்று ஆகிவிட்டது. அந்தச் சொல் நடந்துவந்த வழி எனக்கு நியாயமாகவே படுகிறது.

இன்னொன்று. பார்வையற்றவர்களைத் தப்புக்கு உவமையாக்குவது சரியில்லை என்று இப்போது சில எழுத்து நடைக் கையேடுகள் இந்தத் தொடரைத் தவிர்க்கச் சொல்கின்றன. அலுவலகக் கடிதத்தில் எழுதுவதானால் ‘இக்னோர்’, ‘ஓவர்லுக்’ என்று போட்டுக்கொள்ளலாம். ‘ஓவர்லுக்’கில் மட்டும் ஒரு சிக்கல்: அது தெரிந்து விட்டதையும் சொல்லும், கவனிக்காமல் விட்டதையும் சொல்லும்.

நீதிமன்றத்தில் அந்தக் கண்

தெரிந்து விட்டதா, தெரியாமல் விட்டதா? சாதாரணப் பேச்சில் இது பெரிய விஷயமில்லை. வழக்கு என்று வந்தால் லட்சக்கணக்கில் பணம் இதில்தான் தொங்குகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2011-ல் முடிந்த வழக்கு ஒன்று, எண்ணெய்ச் சட்டியைப் பற்றியது. எஸ்.ஈ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனம், வெளிப்பக்கம் கையைச் சுடாத மின்சாரப் பொரிக்கும் சட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று அந்தச் சட்டியைக் கடையில் வாங்கி, மேலோட்டமான தோற்றத்தை மட்டும் மாற்றி, மீதியை அப்படியே நகலெடுத்தது. பிறகு ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் போய், இதை விற்கலாமா என்று பார்த்துச் சொல்லக் கேட்டது. எதைப் பார்த்து நகலெடுத்தோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிப் பார்த்துவிட்டு, தடையில்லை என்றார். வழக்கு வந்தபோது, காப்புரிமை இருந்தது எங்களுக்குத் தெரியாதே என்றார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்துவிடுமோ என்று பயந்து தெரிந்துகொள்ளாமல் இருப்பது, தெரிந்திருந்ததற்குச் சமம் என்றது. ‘வில்ஃபுல் ப்ளைண்ட்னஸ்’, வேண்டுமென்றே குருடாக இருத்தல், என்று அதற்குப் பெயர்.

இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கு நேராகவே ‘ப்ளைண்ட் ஐ நாலெட்ஜ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், குருட்டுக் கண்ணின் அறிவு. ‘ஸ்டார் சீ’ என்ற சரக்குக் கப்பல் 1990-ல் தீப்பிடித்து வீணானது. தீயணைக்கும் ஏற்பாடுகள் சரியாக இல்லை. இருந்த கரியமில வாயுவைக்கூட ஒழுங்காகப் பயன்படுத்த கேப்டனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே முதலாளிகளின் வேறு இரண்டு கப்பல்களும் அதற்கு முன்பே தீக்கு இரையாகியிருந்தன. காப்பீட்டு நிறுவனம் பணம் தரமாட்டேன் என்றது. கப்பல் கடலுக்குப் போகத் தகுதியில்லாத நிலையில் இருந்தது முதலாளிக்குத் தெரியும், கண்டும் காணாமல் அனுப்பினார் என்பது அதன் வாதம். கீழ் நீதிமன்றம் ஆமாம் என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. கடைசியில் 2001-ல் லார்ட்ஸ் சபைக்கு வந்தது. அப்போது அங்கே அதுதான் கடைசிப் படி.

தீர்ப்பெழுதியவர்களில் ஒருவரான லார்ட் ஸ்காட், நெல்சனையே கூப்பிட்டுச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார். நல்ல கண்ணில் வைத்தால் என்ன தெரியும் என்பது நெல்சனுக்குத் தெரியும். அதைப் பார்க்காமலிருக்கவே தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைக்க முடிவு செய்தார் என்று விளக்கினார். ஆகவே ஒருவரைக் கண்டும் காணாதவர் என்று சொல்லவேண்டுமானால், அவர் மனத்தில் முதலில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அது உறுதியாகிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். வெறும் அசட்டை, எவ்வளவு பெரிய அசட்டையாக இருந்தாலும், அதில் சேராது.

ஸ்டார் சீயின் முதலாளிகள் எந்தப் பக்கம்? முன்னே இரண்டு கப்பல் எரிந்தபிறகாவது விழித்திருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் கையில் தொலைநோக்கியை எடுத்து எந்தக் கண்ணில் வைப்பது என்று யோசித்தவர்கள் அல்ல என்று லார்ட்ஸ் சபை முடிவு செய்தது. வழக்கில் அவர்களே ஜெயித்தார்கள்.